உள்ளே போன வெளிச்சம்

செப்டம்பர் 3, புதன்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். மணி பன்னிரண்டே கால். மிது இப்போதுதான் தூங்கினாள். “ஒரு நாள் விடாம எழுது, நான் வந்து ஒரே மூச்சுல படிச்சுக்கிடுதேன்” என்று விமான நிலையத்தில் இந்த நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனீர்கள். நான் வாரத்துக்கு இரண்டு நாள் எழுதினாலே அதிகம். நீங்கள் கடலுக்கு நடுவே இரும்பு மேடையில் வெல்டிங் பண்ணுகிறீர்கள். எனக்கு நோட்டு எழுத நேரமில்லை என்று சொல்ல வாய் கூசுகிறது.

மிதுவின் காதுகுத்து ஆல்பம் முடிந்துவிட்டது. ஸ்டுடியோவில் பால்துரை அண்ணாச்சி அதை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். “உன் பிள்ளை படம், நீயே கரெக்‌ஷன் பாரு கோமதிம்மா, நான் தலையிட மாட்டேன்.” மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் தம்பி மடியில் உட்கார்ந்து அழுகிற படம் அட்டைக்கு வந்திருக்கிறது. கண் இரண்டும் கறுப்புத் திராட்சை மாதிரி இருக்கின்றன.

சாயங்காலம் உங்கள் தங்கச்சி கனி தன் போனில் மிதுவை ஒரு படம் எடுத்தாள். வாசல் பக்கம் இருட்டு, ஃப்ளாஷ் போட்டிருக்கிறாள். “மைனி, இங்க பாருங்க, இடது கண்ணு மட்டும் பூனைக்கண்ணு கணக்கா மின்னுது” என்று கொண்டுவந்து காட்டினாள். வலது கண்ணில் வழக்கமான சிவப்பு. இடது கண்ணில் வெள்ளை.

ஃப்ளாஷ் போட்டால் அப்படித்தான் விழும் என்றேன். ஆல்பத்திலும் ஒரு படத்தில் அப்படி இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றேன்.

“பி.எஸ்ஸி பிசிக்ஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தையே ஸ்டேட்டஸ் வைத்தாள். அழிக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு பண்ண வேண்டும். மறந்தால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

உங்கள் வெள்ளிக்கிழமைப் போன் வந்தது. கண் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

கனியின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அவளோடு படித்த ஒரு பெண் காலையிலேயே போன் பண்ணியிருக்கிறாள். அவள் நர்ஸ். “சாதாரணமா விடாத, திங்கக்கிழமையே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, ஒரு வாரம் ரெண்டு வாரம்னு தள்ளாத” என்று சொன்னாளாம். கனி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றாள்.

“மைனி, போவோமா?”

“திங்கக்கிழமை ரெண்டு கல்யாண ஆல்பம் குடுக்கணும் கனி. புதன்கிழமை பார்ப்போம்.”

“ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம பிள்ளை கண்ணு காத்துக்கிடக்கணுமோ?”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை. “நீங்க வரலன்னா நானே தூக்கிட்டுப் போறேன். அண்ணன் கேட்டா, மைனிக்கு ஆல்பம் இருந்துச்சுன்னு சொல்லிக்கிடுதேன்.”

அவளுக்கு டிசம்பரில் குரூப் தேர்வு. நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாக மிதுவைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வாய்க்கு நான் கோபப்பட முடியாது. போகிறோம் என்று சொன்னேன்.

அத்தான், சிவப்பு ஏன் வருகிறது என்று உங்களுக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஃப்ளாஷ் வெளிச்சம் நேராகப் போகும். கண்ணின் நடுத் துளை வழியாக உள்ளே போய், பின்சுவரில் பட்டு, போன வழியே திரும்பி வரும். அந்தச் சுவர் முழுக்க ரத்தக் குழாய்கள். அதனால்தான் சிவப்பு. ஸ்டுடியோவில் அதைக் குறை என்கிறோம். கண்ணென்றால் கறுப்பாக இருக்க வேண்டும், மேல் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் பொட்டு மினுங்க வேண்டும். அதுதான் அண்ணாச்சியின் சட்டம். உண்மையில் அந்தச் சிவப்பு நல்ல சேதி. வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போய் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளை வந்தால் என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கு உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஐந்தரை மணி பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். மிது வழியெல்லாம் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தாள். கனி இட்லியை வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள், பஸ்ஸிலேயே ஊட்டிவிட்டாள்.

டாக்டர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், அதட்டாமல் பேசுகிறவர். அறையை இருட்டாக்கிவிட்டுச் சின்ன விளக்கொன்றைத் தன் கண்ணருகே வைத்துக்கொண்டு மிதுவைப் பார்த்தார். வலது கண், பிறகு இடது கண், திரும்ப வலது. பிறகு பெரிய கருவி ஒன்றில் ஸ்கேன். மிது தொண்டை கட்டும்வரை அழுதாள்.

“பயப்படுற மாதிரி கட்டி எதுவும் இல்ல. அத முதல்ல சொல்லிடுறேன்” என்றார். கனி என் முழங்கையைப் பிடித்தாள். “புரை. வயசானவங்களுக்கு வருமே, அதேதான். பிள்ளைங்களுக்கும் வரும். ஆபரேஷன் பண்ணணும்.”

பிறகு கேட்டார். “கண்ணுல வெள்ளையா முதல்ல எப்பம்மா பார்த்தீங்க?”

“போன வாரம்.”

என் வாய் சொல்லிவிட்டது.

“சும்மா கதை கேக்கல. பிறந்ததுலேர்ந்தே இருந்துச்சுன்னா இது வரைக்கும் அந்தக் கண்ணுக்குள்ள தெளிவா எதுவும் போகல, மூளை அந்தக் கண்ண மறந்திருக்கும். அதுக்கு ஒரு வழி. நல்லா இருந்து நடுவுல வந்துச்சுன்னா, ஏன் வந்துச்சுன்னு தேடணும். அது வேற வழி. பழைய போட்டோ வச்சிருக்கீங்களா?”

என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மார்ச் மாதம், மே மாதம், ஓணான் பொம்மையோடு எடுத்தது, காதுகுத்து. எல்லாவற்றிலும் கண் கறுப்பு. “ஆகஸ்ட் இருபத்திநாலு வரைக்கும் ஒண்ணுமே தெரியலையே. அப்போ இது புதுசு” என்று நோட்டில் எழுதினார். “எங்கயாவது விழுந்தாளா? அடி ஏதும் பட்டுச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கனி சொன்னாள். “ஜூலைல கட்டில்லேர்ந்து விழுந்தா டாக்டர். நான்தான் பக்கத்துல இருந்தேன். படிச்சுக்கிட்டே அசந்துட்டேன். நெத்தி வீங்கிச்சு.”

டாக்டர் அதையும் எழுதினார். ரத்தப் பரிசோதனை ஏழெட்டு எழுதித் தந்தார். மயக்கம் கொடுத்துக் கண்ணின் பின்பக்கத்தைத் தனியாக ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது கனி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டாள். சங்கரன்கோவில் வரும்வரை ஒரு தடவை கூடக் கை நீட்டி வாங்கவில்லை.

நான் “போன வாரம்” என்று சொன்னது ஒரு பதற்றத்தில். ஆல்பத்தில் மூன்று நான்கு படங்களில் இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. தோசைக்கு அரைத்தேன். கனி மதியம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்கு நீங்கள் பேசியது.

கனியே உங்களிடம் எல்லாம் சொன்னாள், கட்டிலிலிருந்து விழுந்ததையும் சேர்த்து. ஸ்பீக்கரில் இருந்தது. உங்கள் பக்கம் இயந்திரச் சத்தம். பிறகு நீங்கள் சொன்னீர்கள்: “ஒரு பிள்ளையப் பார்த்துக்கிட துப்பில்ல, நீ ஆபீஸ்ல உக்காந்து ஊரப் பார்க்கப் போறியாக்கும்? கோமு, இனிமே பிள்ளைய இவகிட்ட விடாத.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது வாரத்துக்கு உங்களுக்குத் தருகிற பத்து நிமிடம் முடிந்து லைன் போயிருந்தது.

அணைக்க ஒரு விநாடி போதும். நான் அடுப்படியிலேயே நின்றேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

கனி புத்தகங்களையெல்லாம் அடுக்கிப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். “அண்ணன் சொன்னது சரிதானே மைனி. டிசம்பர் பரீட்சை எழுதல. நீங்க வேலைக்குப் போங்க, வீட்டு வேலைய நான் பாக்கேன். பிள்ளைய மட்டும் ஸ்டுடியோவுக்கே தூக்கிட்டுப் போயிருங்க.”

செப்டம்பர் 13, சனி

மிதுவை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் போர்வை விரித்து விட்டேன்.

காதுகுத்துப் படங்களின் ஒரிஜினல் வேண்டும் என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். “ஆல்பம் கைக்குப் போயிட்டா ஒரிஜினல அழிச்சிரணும்லா, நீதானே வழக்கம் பண்ணுன? டிஸ்க்ல எடம் வேணாமா? எதுக்குக் கேக்க, நல்லாத்தானே இருக்கு?” நான் கொண்டுபோயிருந்த ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். “கண்ணு வைக்கிறதுல உன்ன அடிச்சுக்க ஆளு கிடையாதுட்டி. கோயில்ல சிலைக்குக் கண் திறக்கிறவன் கூட இத்தன பொறுமையாச் செய்ய மாட்டான்.”

அழிந்துபோனது எனக்குத் தெரியும். அழித்தது நான். ஆனாலும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு யாராவது ஒரு ஆள் அந்தப் படங்களை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்துவிட மாட்டார்களா, நான் வாயைத் திறக்காமலே எல்லாம் தெரிந்துவிடாதா என்று இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

மிதுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. இடது கையில் இரண்டு தடவை, வலது கையில் ஒரு தடவை, கடைசியில் காலில். ஊசி போடுகிற பெண்ணே, “எதுக்கு இத்தனை டெஸ்ட், பாவம்” என்றாள்.

எதற்கென்றால், நான் பொய் சொன்னதற்கு.

கனியும் கூட வந்தாள், ஆனால் வெளியே பெஞ்சில் இருந்துவிட்டாள். மிது கையை நீட்டி, “அத்த, அத்த” என்று அவளைத்தான் கூப்பிட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினேன். மதிய வெயில் வராந்தாவில் விழுந்து கிடந்தது.

சூரியனிலிருந்து வெளிச்சம் இங்கே வர எட்டு நிமிடமும் சொச்சமும் ஆகும் என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பதினைந்து கோடி கிலோமீட்டர். வழியில் எதுவும் அதை நிறுத்தவில்லை. என் பிள்ளை முகம் வரைக்கும் வந்துவிட்டு, கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிடுகிறது. அந்த அரை அங்குலம் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதியம் கனியிடம் சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். முன் பக்கங்களில் ஒரு படம் என்றும் மூன்று நான்கு என்றும் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆல்பத்தில் பத்தொன்பது படங்கள். ஃப்ளாஷ் நேராக விழுந்த பத்தொன்பதிலும் இடது கண்ணில் வெள்ளை. பெரிதாக்கி, கறுப்பு வைத்து, மேலே பொட்டு வைத்தேன். அது முதல் தடவையும் இல்லை. நீங்கள் கிளம்பிப் போன அடுத்த மாதம், டிசம்பரில், மிதுவை என் போனில் எடுத்தேன். நாலு மாதப் பிள்ளை. அதிலேயே இருந்தது. உங்களுக்கு அனுப்பணுமே என்று போனிலேயே கறுப்பு வைத்து, அதன் மேலேயே சேமித்தேன். கை பழக்கத்தில் செய்தேன் என்று அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஸ்டுடியோவில் ஒரு நாளைக்கு நூறு கண்ணுக்கு அதைத்தானே செய்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். சிரித்தாள். வலது கண்ணை மூடினேன். என் கையைப் பிடித்துத் தள்ளி வீறிட்டாள். மறுபடி இடது, மறுபடி வலது. ஆறு தடவை செய்தேன் அத்தான். லேபில் செய்கிற மாதிரி, திரும்பத் திரும்ப ஒரே விடைதானா என்று பார்த்தேன். பிறகு அவளுக்குச் சட்டை போட்டுவிட்டு, வேலைக்குப் போய்விட்டேன்.

பயம்தான். பெயர் வைக்காத வரைக்கும் அது நோய் இல்லை என்கிற மாதிரி ஒரு பயம். சொன்னால் நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள், சொந்தத்தில் கட்டினதால்தான் என்று ஊர் பேசும், பிள்ளையை இருட்டு அறைக்குத் தூக்கிப் போவார்கள். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு ஒளியியலில் தொண்ணூற்றொரு மார்க்.

கனி எல்லாவற்றையும் கேட்டாள். கீரைக் காம்பு கையிலேயே இருந்தது.

“அப்ப, நான் கீழ போட்டதுனால இல்லையா?”

முதலில் அதைத்தான் கேட்டாள்.

“இல்ல கனி. அதுக்கும் ஏழு மாசத்துக்கு முன்னாலயே இருக்கு.”

“அன்னைக்கு டாக்டர் எழுதும்போது நீங்க பக்கத்துலதான இருந்திய?”

“இருந்தேன்.”

“அண்ணன் ஏசும்போதும்?”

“இருந்தேன்.”

அவள் முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “மைனி, இப்ப பேசுனா நான் அசிங்கமாப் பேசிருவேன். நாளைக்குப் பேசுதேன்.” எழுந்து பின்கட்டுக்குப் போய், தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களையே திரும்ப எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். தெருவே கேட்டிருக்கும். அதன் பிறகு உள்ளே வந்து, தொட்டிலில் விழித்துக் கிடந்த மிதுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எட்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் தூக்கினாள். மாடியில் இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு சின்னவள் சிரிக்கிற சத்தம் மட்டும்.

நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் டாக்டருக்குப் போன் பண்ணினேன். சொல்ல வேண்டியதை எழுதிவைத்து வாசித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நீங்க சொல்றது டிசம்பர். அதுக்கு முன்னாடி? மூணு மாசத்துல, ரெண்டு மாசத்துல?”

“தெரியல டாக்டர். பார்க்கல.” இது உண்மை.

“கரெக்‌ஷன் பண்ணாத படம் ஒண்ணாவது கிடைக்குமா? பிறந்த புதுசுலேர்ந்தே இருந்துச்சுன்னா மிச்ச டெஸ்ட் எல்லாம் நிறுத்திடலாம், தனியா மயக்கம் குடுக்கவும் வேணாம். நேரா ஆபரேஷன். அதுக்கப்புறம் நல்ல கண்ண மூடிக் கட்டி, அந்தக் கண்ணுக்குப் பார்க்கச் சொல்லித்தரணும். தினமும் பல மணி நேரம், வருஷக்கணக்கா. அவ்வளவு செஞ்சும் எவ்வளவு பார்வை வரும்னு நான் வாக்குத் தர முடியாது.” பிறகு, “முன்னாடியே வந்திருந்தா கூடக் கிடைச்சிருக்கும். அத நான் மறைக்க மாட்டேன். ஆனா நீங்க இன்னைக்குச் சொன்னது நாளைக்குச் சொல்றத விட நல்லது” என்றார்.

என்னிடம் அப்படி ஒரு படம் கூட இல்லை. ஸ்டுடியோவிலும் இல்லை. கனியின் போன் ஜனவரியில் வாங்கியது. அவள்தான் அடுப்படி வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், “அண்ணன் போன்ல இருக்கும்லா” என்றாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் மிதுவைப் படம் படமாக எடுத்துத் தள்ளினீர்கள். விளக்கைப் போடாமல் ஃப்ளாஷ் அடித்து எடுக்காதீர்கள், பிள்ளை திடுக்கிடுகிறது என்று நான் சண்டை போட்டேன். அவற்றில் எதையும் நீங்கள் எனக்கு அனுப்பவில்லை, அதனால் என் கை அவற்றில் படவில்லை. உங்களிடம் இருக்கிற மற்றதெல்லாம் நான் அனுப்பியது. ஒன்பது மாதமாக நீங்கள் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்தக் கண், நான் வரைந்த கண்.

நேரில் சொல்ல வேண்டியதை எழுதித் தப்பிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. பிப்ரவரியில் நீங்கள் ஊருக்கு வந்து படிக்கட்டும் என்று வைத்திருந்த இந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன். எழுத்து தெரியுமளவுக்குப் பெரிதாக்கிப் படியுங்கள். எதையும் சரிசெய்யவில்லை.

என்னை என்ன சொல்லணுமோ பிறகு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். முதலில் கனிக்குத் தனியாகப் போன் பண்ணுங்கள். ஸ்பீக்கரில் வேண்டாம், அவளோடு மட்டும் பேசுங்கள். பரணிலிருந்து புத்தகத்தை எடுக்க நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

பிறகு, நவம்பரில் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் போனில் எடுத்த மிதுவின் படங்கள் எத்தனை இருந்தாலும் அத்தனையும், மங்கலானதையும் சேர்த்து, அப்படியே அனுப்புங்கள். நாளைக்குக் காலை பத்து மணிக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும். நெட் கிடைத்ததும் பதில் போடுங்கள் அத்தான், சீக்கிரம்.